கால்வாய் ஓரத்து பப்ல தண்ணிய பாக்காதீங்க, பம்ப பாருங்க

உங்க கேள்விய நான் புரிஞ்சுக்கிட்டது இது. ஜூலைல அப்பா அம்மா, வீட்டுக்காரர், 8 வயசு பொண்ணுனு குடும்பமா இங்கிலாந்து போறீங்க, கால்வாய் ஓரத்துல நல்ல ஏலும் (அந்த ஊர் பழைய பாணி பியர்) நல்ல சாப்பாடும் கிடைக்கற ஒரு பப்ல ஒரு மதியம் முழுக்க உக்காரணும், எது பெஸ்ட்னு பேர் கேக்கறீங்க. ஆனா கீழ ரெண்டு வரி சேர்த்து போட்டிருக்கீங்க பாருங்க, அப்பா சுத்த சைவம், அங்க பியர் சூடா தருவாங்களாமே, நம்மள மாதிரி ஆளுங்க குடும்பமா போனா ஒரு மாதிரி பாப்பாங்களானு, நிஜமான கேள்வி அதுதான்னு எனக்கு தோணுது. பேர் மட்டும் சொல்லிட்டு போயிட்டா அந்த ரெண்டு வரி அப்படியே நிக்கும், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

நான் பர்மிங்ஹாமுக்கு தெக்கால, கிராண்ட் யூனியன் கால்வாய் ஓரமா இருக்கற ஒரு பப்ல ஒன்பது வருஷம் வேலை பாத்தேன். படிக்கப் போன இடத்துல பாத்திரம் கழுவ சேர்ந்து, அப்புறம் கிச்சன், கடைசி ஆறு வருஷம் செல்லார், அதாவது பியர் பீப்பாய் வெச்சிருக்கற நிலவறை என் பொறுப்பு. அதனால மிட்லண்ட்ஸ், அதாவது இங்கிலாந்தோட நடுப்பகுதி, பக்கத்து கால்வாயும் பீப்பாயும் எனக்கு நல்லாத் தெரியும். ஸ்காட்லாந்து பத்தி கேட்டா நானும் உங்கள மாதிரி டூரிஸ்ட்தான்.

முதல்ல அந்த சூடான பியர் கதை. சூடும் இல்ல, நம்ம ஊர் பிரிட்ஜ் கூலிங்கும் இல்ல. செல்லார்ல 11ல இருந்து 13 டிகிரி வரைக்கும் வெப்பம் வெச்சிருப்போம், கிளாஸ்ல வரும்போதும் கிட்டத்தட்ட அதேதான். சென்னைல ஐஸ் மாதிரி பியர் குடிச்சுப் பழகின நாக்குக்கு அது வெதுவெதுனு தெரியும், அவ்வளவுதான். ஏன் அப்படி வெக்கறாங்கன்னா அந்த பியர் உயிரோட இருக்கு. காஸ்க் ஏல், ரியல் ஏல்னு சொல்றது இதத்தான். பாட்டில் பியர் மாதிரி வடிகட்டி, கேஸ் ஏத்தி, கதைய முடிச்சு அனுப்பறது கிடையாது. ஈஸ்ட்டோடயே பீப்பாய்க்குள்ள வரும், பப்புக்கு வந்த பிறகும் உள்ள புளிச்சுக்கிட்டே இருக்கும், நம்ம தோசை மாவு பிரிட்ஜுக்கு வெளிய இருக்கற மாதிரினு வெச்சுக்கோங்களேன். ரொம்ப குளிர வெச்சா ஈஸ்ட் தூங்கிடும், ருசியும் அமுங்கிடும், சூடு ஏறினா சீக்கிரம் கெட்டுப்போகும். 1960கள்ல பெரிய கம்பெனிங்க எல்லாம் கேஸ் ஏத்தின கெக் பியருக்கு மாற ஆரம்பிச்சப்போ, 1971ல நாலு பேர் சேர்ந்து காம்ரானு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க, ரியல் ஏல காப்பாத்தணும்னு. அது இன்னிக்கு பெரிய அமைப்பு, வருஷா வருஷம் நல்ல பியர் தர்ற பப்புங்கள தேர்ந்தெடுத்து ஒரு கையேடு போடறாங்க, 1974ல இருந்து வருது. பேர் வேணும்னா நான் சொல்றத விட அந்த வருஷத்து கையேட்ட நம்புங்க. ஏன்னா பப் ஓனர் மாறினா ஆறே மாசத்துல எல்லாம் தலைகீழா போயிடும், கட்டடமும் போர்டும் மட்டும் அப்படியே இருக்கும். நான் போன வருஷம் புகழ்ந்த இடத்துல நீங்க போய் உக்காரும்போது செல்லார்ல யார் இருக்காங்கனு எனக்கு எப்படி தெரியும்?

செல்லார்ல என்ன நடக்குதுனு கொஞ்சம் சொன்னாத்தான் நல்ல பப்ப எப்படி கண்டுபிடிக்கறதுனு புரியும். பீப்பாய் வந்ததும் படுக்க வெச்சு ஆடாம முட்டு கொடுப்போம். வயித்துல மேல ஒரு அடைப்பு இருக்கும், அத குத்தி ஒரு மூங்கில் குச்சிய சொருகுவோம். அந்தக் குச்சி வழியா கேஸ் மெதுவா நுரை நுரையா வெளிய வரும், சில பீப்பாய் சாதுவா இருக்கும், சிலது சோறு பொங்கற மாதிரி பொங்கி தரையெல்லாம் வழியும். நுரை அடங்கினதும் கெட்டியான மரக்குச்சிய மாத்தி அடைச்சுட்டு, ஒரு நாளாவது தொடாம விடணும், ஈஸ்ட் அடில படிஞ்சு பியர் தெளியறதுக்கு. அப்புறம்தான் மரச்சுத்தியலால ஒரே அடி, குழாய் உள்ள இறங்கணும், ரெண்டாவது அடி அடிச்சீங்கன்னா மூஞ்சில பியர்தான். நான் சேர்ந்த முதல் கோடைல ஒரு சனிக்கிழமை கூட்டம் தாங்காம, தெளியாத பீப்பாய அவசரப்பட்டு லைன்ல மாட்டிட்டேன். நாப்பது வருஷமா போட்லயே வாழற ஒரு தாத்தா கிளாஸ வாங்கி ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, பார் மேல வெச்சு ஒரு விரலால என் பக்கம் தள்ளினாரு. அன்னிக்கு எனக்கு வந்த வெக்கம் எந்த பரீட்சைல பெயில் ஆகியும் வந்ததில்ல. ஆனா அவர் அடுத்த நாளும் வந்தாரு, அதே இடத்துல நின்னு அதே பியர கேட்டாரு.

இப்ப கணக்குக்கு வருவோம். பப்புக்கு பெரும்பாலும் வர்ற பீப்பாய் 9 கேலன், அதாவது 72 பைண்ட், ஒரு பைண்ட்னா 568 மில்லி. குழாய் போட்டு ஊத்த ஆரம்பிச்சதும் பியர் குறையக் குறைய உள்ள காத்து போகும், அதனால மூணு நாளுக்குள்ள காலி பண்ணணும், இல்லன்னா காடி வாசம் வர ஆரம்பிச்சுடும். அப்ப ஒரு பம்புக்கு, அதாவது பார் மேல கையால இழுத்து பியர் ஊத்தற பிடிக்கு, ஒரு நாளைக்கு 24 பைண்ட் விக்கணும். பார் மேல எட்டு ஹேண்ட் பம்ப் வரிசையா நிக்குது, செவ்வாய்க்கிழமை மதியம், உள்ள மொத்தமே ஆறு பேர்னா மனசுல பெருக்கிப் பாத்துக்கோங்க, 192 பைண்ட் அன்னிக்கு யார் குடிக்கறது? அந்த இடத்துல கெட்ட பியர் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதே நாள் ரெண்டே பம்ப் வெச்சிருக்கற பப்னா எனக்கு நம்பிக்கை வரும், அவனுக்கு தன் வியாபாரம் தெரிஞ்சிருக்கு. இது நூத்துக்கு நூறு விதி கிடையாது, சில பப்புக்கு ராத்திரி கூட்டம் அள்ளும், ஆனா இத்தன வருஷத்துல இந்தக் கணக்கு என்னை ஏமாத்தினது ரொம்ப கம்மி. வாசல்ல காஸ்க் மார்க்னு ஒரு தகடு இருந்தாலும் நல்லதுதான், இன்ஸ்பெக்டர் சொல்லாம வந்து வெப்பம், தெளிவு, மணம், ருசி பாத்துட்டுப் போவாங்க.

கால்வாய் ஓரத்து பப்புல இது ஏன் இன்னும் முக்கியம்னா, வெயில் அடிக்கற ஞாயித்துக்கிழமை தண்ணி ஓரமா பெஞ்ச் போட்டா பியர் எப்படி இருந்தாலும் கூட்டம் வரும். வ்யூதான் வியாபாரம். அதனால நான் தண்ணிய பாக்க மாட்டேன், கட்டி நிக்கற போட்ட பாப்பேன். போட்ல வாழறவங்க, வாரக்கணக்குல போட்ல சுத்தறவங்க உள்ள உக்காந்திருந்தா நல்ல அறிகுறி, ஏன்னா அவங்களுக்கு தண்ணி பாத்து சலிச்சுப் போச்சு, பியருக்கும் அடுப்பு கதகதப்புக்கும்தான் உள்ள வர்றாங்க.

இந்த பப்புங்க அங்க ஏன் இருக்குனு தெரிஞ்சா பொண்ணுக்கும் கதை சொல்ல வசதியா இருக்கும். 1761ல வோர்ஸ்லி சுரங்கத்துல இருந்து மான்செஸ்டருக்கு நிலக்கரி கொண்டு போக பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறந்தாங்க, அதுக்கப்புறம் அறுவது எழுவது வருஷத்துல நாடு முழுக்க வெட்டித் தள்ளிட்டாங்க. குதிரை கரையோரப் பாதைல நடந்து போட்ட இழுக்கும். லாக் வந்தா நின்னுதான் ஆகணும். லாக்னா ரெண்டு பக்கமும் கதவு வெச்ச தண்ணித் தொட்டி, போட்ட உள்ள விட்டு தண்ணி ஏத்தி இறக்கி மேடு பள்ளத்த தாண்ட வைக்கறது, குறுகலான ஒரு லாக் ஒரு தடவைக்கே ஒரு லட்சம் லிட்டருக்கு மேல குடிக்கும். வரிசைல நிக்கற நேரத்துல குதிரைக்கு லாயமும் ஆளுக்கு பியரும் தேவைப்பட்டுச்சு, அங்க பப் முளைச்சுது. அதனாலதான் இன்னிக்கும் நல்ல நல்ல பப்பெல்லாம் லாக் பக்கத்துலயோ கால்வாய் போற சுரங்கப்பாதை வாய்லயோதான் இருக்கும். நார்த்தாம்ப்டன் பக்கத்துல ஸ்டோக் ப்ரூயர்ன்னு ஒரு கிராமம், லாக், அதுக்கு நேரா கூரை வேஞ்ச பழைய போட் இன், எதிர்க்கரைல கால்வாய் மியூசியம். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தா பிளிஸ்வொர்த் சுரங்கம், 1805ல திறந்தது, 2.8 கிலோமீட்டர், உள்ள கரைப்பாதையே கிடையாது. குதிரைய மலை மேல ஓட்டிட்டுப் போவாங்க, ஆளுங்க போட்ல பலகை போட்டு மல்லாக்கப் படுத்து, சுவத்த கால்ல மிதிச்சு மிதிச்சு போட்ட இருட்டுக்குள்ள தள்ளுவாங்க. வெளிய வந்ததும் என்ன கேப்பாங்கனு நினைக்கறீங்க, தண்ணியா?

குடும்பமா போறதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது லெஸ்டர்ஷயர்ல ஃபாக்ஸ்டன் லாக்ஸ். பத்து லாக், அஞ்சு அஞ்சா ரெண்டு படிக்கட்டு மாதிரி, 23 மீட்டர் உயரம் போட் ஏறி இறங்கும், முழுசா தாண்ட முக்கால் மணில இருந்து ஒரு மணி நேரம் ஆகும், அடில ரெண்டு பப். பொண்ணுக்கு பொழுது போறதுக்கு இத விட இடம் கிடையாது. போட்காரங்ககிட்ட கேட்டா கதவுத் தடிய தள்ள விடுவாங்க, ஆனா கேக்காம தொடக் கூடாது, தடி சுத்தற பக்கம் நிக்கக் கூடாது. கால்வாய் பெரும்பாலும் இடுப்பளவு ஆழம்தான், ஆனா லாக் கிணறு மாதிரி, தடுப்புக் கம்பி எதுவும் இருக்காது, சுவர் பாசியா வழுக்கும். பைண்ட்ட வெச்சுட்டு பொண்ணோட எந்திரிச்சுப் போற ஆள் யாருனு முதல்லயே பேசி வெச்சுக்கோங்க. டெர்பிஷயர்ல ஷார்ட்லோனு ஒரு பழைய கால்வாய்த் துறைமுகம் இருக்கு, 1777ல முடிஞ்ச ட்ரென்ட் அண்ட் மெர்சி கால்வாய்ல, அங்க மால்ட் ஷவல்னு பப், பழைய சரக்குக் கிடங்குங்க இன்னும் நிக்குது, கூட்டம் கம்மி. வேல்ஸ் பக்கம் போனா போன்ட்கசுல்த்தே தொட்டிப் பாலம், 38 மீட்டர் உயரத்துல ஆத்துக்கு மேல போட் போகும், 2009ல உலகப் பாரம்பரியச் சின்னம் ஆச்சு. அது பப்புக்காக இல்ல, பாலத்துக்காகவே போலாம். லண்டன விட்டு நகர நேரம் இல்லன்னா ரீஜன்ட்ஸ் கால்வாய் ஓரமா நடங்க, நடக்க அருமை, பப்பு விஷயத்துல நான் மேல சொன்ன வ்யூ வியாபாரம் அங்கதான் ஜாஸ்தி.

ஷார்ட்லோ வழியாத்தான் பர்ட்டன் ஊர் ஏலும் வெளிய போச்சு. பர்ட்டன் தண்ணில ஜிப்சம் அதிகம், அதனால வெளிர் நிற ஏல் அங்க தெளிவா, நறுக்குனு வரும். அங்க காச்சின பாஸ் பியரோட சிவப்பு முக்கோணம்தான் 1876ல பிரிட்டன்ல முதல்ல பதிவான டிரேட்மார்க். இந்தியா பேல் ஏல், ஐபிஏ பத்தி யாராவது பார்ல உங்களுக்கு ஒரு கதை சொல்லுவாங்க, இந்தியான்னு தெரிஞ்சா கண்டிப்பா சொல்லுவாங்க, இந்தியாவுக்கு கப்பல்ல வரும்போது கெடக்கூடாதுனு ஒருத்தர் புதுசா கண்டுபிடிச்சார்னு. நம்ம மெட்ராஸுக்கெல்லாம் அந்த பியர் வந்தது உறுதி, கண்டுபிடிப்புக் கதைதான் சந்தேகம். ஹாப்ஸ்ங்கற கசப்புப் பூ ஜாஸ்தி போட்ட வெளிர் பியர் அதுக்கு முன்னாடியே இங்கிலாந்துல இருந்துச்சு, கறுப்பு போர்ட்டர் பியரும் அதே கப்பல்ல கெடாம வந்து சேர்ந்திருக்கு. சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கோங்க, மறுத்துப் பேசினா அரை மணி நேரம் போயிடும்.

நீங்க ஏல் குடிச்சதே இல்லனு சொன்னீங்க. பைண்ட் வாங்காதீங்க, ஹாஃப் வாங்குங்க, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. வாங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் ருசி பாக்கலாமானு கேளுங்க, சின்ன கிளாஸ்ல ஒரு வாய் ஊத்தித் தருவாங்க, நல்ல பப்ல இதுக்கு மூஞ்சி சுளிக்க மாட்டாங்க, சுளிச்சா அதுவே உங்களுக்கு பதில். முதல்ல கோல்டன் ஏல், அப்புறம் பிட்டர், போர்ட்டர் கடைசில, லேசானதுல இருந்து கெட்டிக்கு போங்க. பிட்டர்னா பேர்தான் கசப்பு, பாதி பிட்டர்ல மால்ட் இனிப்புதான் தூக்கலா இருக்கும். 4 சதவீதம் பக்கத்துல இருக்கறதா பாத்து எடுங்க. காடி மாதிரி புளிச்சாலோ, முட்டை நாத்தமோ, சகதி மாதிரி கலங்கலோ இருந்தா தயங்காம திருப்பிக் கொடுங்க, சண்டையே வேணாம், இது சரியா இருக்கானு பாக்கறீங்களானு கேட்டா போதும், மாத்திக் கொடுத்துடுவாங்க. கலங்கலாவே விக்கற பியரும் இப்ப நிறைய வந்துடுச்சு, அதனால கலங்கல மட்டும் வெச்சு முடிவு பண்ணாம குடிச்சுப் பாத்துட்டு சொல்லுங்க. வண்டி ஓட்டறவர் குடிக்கவே வேணாம், இங்கிலாந்துல லிமிட் 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம், அது அரையா ஒண்ணானு கணக்கு போட்டுட்டு இருக்கறதுக்கு ஆரஞ்சு ஜூஸ் மேல்.

அப்பாவோட சைவம் பத்தி யாரும் சொல்லாத ஒரு விஷயம். ஈஸ்ட் சீக்கிரம் படியறதுக்கு காஸ்க் ஏல்ல ஐசிங்கிளாஸ்னு ஒண்ணு சேர்ப்பாங்க, அது மீனோட காத்துப்பைல இருந்து எடுக்கறது. பெரும்பாலும் அடி ஈஸ்ட்டோட படிஞ்சுடும், ஆனா சுத்த சைவம்னா பெரும்பாலும்ங்கறது போதாது. வீகன்னு பம்ப் கிளிப்ல (பம்ப் மேல இருக்கற பேர் அட்டை) போட்டிருக்கறதோ, ஃபைனிங்ஸ், அதாவது இந்த மாதிரி தெளிய வைக்கற பொருள், போடாததோ இருக்கானு கேளுங்க, இப்ப நிறைய ப்ரூவரி அப்படி காச்சறாங்க. அப்பா குடிக்கறவரே இல்லன்னா ஜிஞ்சர் பியர் வாங்கிக் கொடுங்க, நம்ம இஞ்சி மரப்பா காரம் இருக்கும், அவருக்குப் பிடிக்கும். சாப்பாட்டுல சிப்ஸ்தானேனு வாங்கிடாதீங்க, மீன் பொரிச்ச எண்ணெய்லயே போடற இடம் நிறைய, வடக்க யார்க்ஷயர் பக்கம் மாட்டுக் கொழுப்புல பொரிக்கற இடமும் உண்டு. ஞாயித்துக்கிழமை ரோஸ்ட்ல உருளைக்கிழங்க வாத்துக் கொழுப்புல வறுத்திருக்கலாம், கிரேவி கறி ஸ்டாக்ல, அதாவது கறி வேகவெச்ச சாறுல, பண்ணினதா இருக்கலாம், யார்க்ஷயர் புட்டிங்ல முட்டை இருக்கும். நான் கிச்சன்ல இருந்தப்போ, நேரா வந்து இது எந்த எண்ணெய், இது எந்த ஸ்டாக்னு கேட்டவங்கள எரிச்சலா பாத்ததே இல்ல, வெஜிடேரியன்தானேனு மொட்டையா கேட்டா சர்வர் பையன் ஆமானு சொல்லிட்டு போயிடுவான். 14 வகை அலர்ஜி பொருள் பத்தி கேட்டா பதில் சொல்லணும்னு சட்டம் இருக்கு, ஆனா கொழுப்பும் ஸ்டாக்கும் அந்த லிஸ்ட்ல வராது, அதனால நீங்கதான் வாய தொறக்கணும். மத்தவங்களுக்கு பை (pie), அதாவது மாவுக்குள்ள கறி வெச்சு சுட்டது, வாங்கினா, மாவு நாலு பக்கமும் அடிலயும் இருக்கணும், குழம்புக் கிண்ணத்து மேல ஒரு மாவுத் தொப்பி வெச்சு பைனு கொடுக்கற இடத்துல நான் ரெண்டாவது தடவ சாப்பிட மாட்டேன். ஸ்டேக் அண்ட் ஏல் பைன்னா மாட்டுக்கறி, கவனம்.

உள்ள போனா யாரும் வந்து உக்காருங்கனு சொல்ல மாட்டாங்க, அத வெச்சு மதிக்கலனு எடுத்துக்காதீங்க, எல்லாருக்கும் அதேதான். காலி டேபிள் பாத்து உக்காந்து, டேபிள் நம்பர பாத்துட்டு, ஒருத்தர் பாருக்கு போய் மொத்தமா ஆர்டர் சொல்லி காசு கொடுக்கணும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனா இருக்கு, உங்களுக்கு முன்னாடி வந்தவர் யாருனு நீங்களே ஞாபகம் வெச்சுக்கணும், காச ஆட்டினா கடைசிக்கு போயிடுவீங்க. பெரியவங்களோட குழந்தை வரலாம், சில பப்ல சாயங்காலத்துக்கு மேல விட மாட்டாங்க. கிச்சன் மதியம் ரெண்டு ரெண்டரைக்கு மூடிட்டு ஆறு மணிக்குத்தான் திறக்கும் பல இடத்துல, நம்மாளுங்க மூணு மணிக்கு பசியோட போய் மாட்டிக்கறது இங்கதான், போன் பண்ணி கேட்டுட்டு போங்க.

ஒரு மாதிரி பாப்பாங்களான்னா, நான் ஒன்பது வருஷத்துல அந்தப் பக்கம் நின்னவன், கசப்பான வார்த்தை ரெண்டு மூணு தடவ கேட்டிருக்கேன், ரெண்டு தடவ கஸ்டமரையே வெளிய அனுப்பி வெச்சாரு எங்க ஓனர். பெரும்பாலும் நடக்கறது என்னன்னா பக்கத்து டேபிள்காரங்க நாய்க்கு பேர் என்னனு பொண்ணு கேப்பா, அங்க இருந்து பேச்சு ஆரம்பிச்சுடும். எப்பவும் அப்படி இருந்ததில்ல. 1960கள்ல மிட்லண்ட்ஸ்ல கறுப்பு பழுப்பு ஆளுங்கள உள்ள விடாத பப்பு நிறைய இருந்துச்சு, 1965 பிப்ரவரில அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் பர்மிங்ஹாம் பக்கத்துல ஸ்மெத்விக் ஊருக்கே வந்து பாத்துட்டுப் போனாரு, அடுத்த பத்து நாளுக்குள்ள அமெரிக்காவுல அவர சுட்டுட்டாங்க. அதே வருஷம்தான் பொது இடத்துல இன ஒதுக்கல் கூடாதுனு முதல் சட்டம் வந்துச்சு. உள்ள விடாத ஊர்ல பஞ்சாபிங்க பப்பையே எடுத்து நடத்த ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு ஸ்மெத்விக், வெஸ்ட் ப்ராம்விச் பக்கம் தேசி பப்னு அதுக்கு பேரே இருக்கு, பைண்ட்டோட இரும்புத் தட்டுல சுடச்சுட மிக்ஸ்டு கிரில் புகைஞ்சுக்கிட்டு வரும், பன்னீர் டிக்காவும் உண்டு, பர்மிங்ஹாம் கால்வாய் ஸ்மெத்விக் வழியாத்தான் போகுது. அப்பாவுக்கு ரெண்டு நாள் சீஸ் சாண்ட்விச் சாப்பிட்டு நாக்கு செத்துப் போச்சுன்னா அங்க கூட்டிட்டு போங்க.

ஜூலைல ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், ஆனா அஞ்சு மணிக்கு மேல தண்ணி ஓரமா காத்து சில்லுனு வரும், அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் கைல வெச்சுக்கோங்க. வாத்து, அன்னம் எல்லாம் டேபிள் கிட்டயே வரும். அன்னம் பாக்கத்தான் சாது, சிப்ஸ கைல வெச்சு நீட்ட வேணாம்னு பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.